ஷார்ட் ஸ்திரீட்டுக்கு வந்த புதிய ஆசிரியை



சிங்கப்பூரின் புக்கிட் தீமா வட்டாரத்தில் பிளாக்மோர் டிரைவ் என்றொரு சாலை உண்டு. அச்சாலையில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இயங்கி வருகின்றது. நாட்டின் பெயர்பெற்ற பள்ளிகளுள் அதுவும் ஒன்று. தம் மகளுக்கு அங்கே ஓரிடம் கிடைக்காதா என்று ஏங்கும் பெற்றோர் பலர். ஆயினும், அப்பள்ளி தோன்றியபொழுது அதற்கு வழங்கிய பெயர் ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், ஷார்ட் ஸ்திரீட்டில் இருந்த ஒரு கடைவீட்டில், ஒன்பது இந்தியச் சிறுமியரோடு அது தொடங்கியது. தொடங்கி வைத்தவர் சோஃபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்பது. சிங்கப்பூர் மண்ணில் அவர் கால்வைத்துச் சரியாக முப்பது நாள்களே ஆகியிருந்தன.

அம்மையாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் நிறுவிய நிறுவனங்களைப் பட்டியலிட்டு முடித்துவிடுகின்றனர். என் நோக்கம் அதுவன்று. மொழி தெரியாத ஊர், பழக்கமில்லாத மக்கள், தம் சமயத்தை ஐயத்தோடு பார்க்கும் பெற்றோர் ஆகிய இவற்றுக்கு நடுவே ஒரு புதிய ஆசிரியை எப்படித் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார் என்பதே இங்கு நான் ஆராய விழைவது. புதிதாகப் பணி ஆணை பெற்று, அறிமுகமில்லாத ஊருக்குப் பெட்டியோடு புறப்படும் இளம் ஆசிரியர்களுக்கு இது ஓரளவு பயன்படக்கூடும்.

பிளாக்மோர் அம்மையார் 1857ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலுள்ள கோல்பர்ன் என்னும் ஊரில் பிறந்தவர். இசபெல்லா லியோனார்ட் என்ற அமெரிக்க நற்செய்தியாளரின் தொடர்பால் சமயப் பணியில் ஈடுபாடு கொண்டு, முதலில் இந்தியாவுக்குச் சென்றார். அங்கிருந்தே சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். ஆஸ்திரேலியராகிய அவரை அனுப்பியதோ அமெரிக்க மெதடிஸ்ட் பெண்களின் அயல்நாட்டுத் தொண்டுச் சங்கம். இது எப்படி நேர்ந்தது என்பதற்குச் சற்று முன்கதை வேண்டும்.

அச்சங்கம் 1869ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பெண்களால் நிறுவப்பட்டது. ஆண் சமயத் தொண்டர்களால் கீழைநாட்டு வீடுகளின் உட்பகுதிக்குச் செல்ல இயலாது. அங்குள்ள பெண்களிடம் பேச வேண்டுமாயின் பெண்களே போகவேண்டும். சங்கம் தோன்றியதற்கு இதுவே அடிப்படை. அவ்வாண்டே இசபெல்லா தோபர்ன் என்ற ஆசிரியையும் கிளாரா ஸ்வெய்ன் என்ற மருத்துவரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1870இல் லக்னோ நகரத்துக் கடைத்தெருவில், ஓர் அறையில், ஆறு சிறுமிகளை வைத்துத் தோபர்ன் அம்மையார் தொடங்கிய பள்ளிதான் பின்னர்ப் புகழ்பெற்ற மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய உடன்பிறந்தவரான ஜேம்ஸ் தோபர்ன் 1885ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்து மெதடிஸ்ட் பணியைத் தொடங்கி வைத்தார். அவரோடு வந்தவர் வில்லியம் ஓல்டம். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். இந்தியாவில் நில அளவைத் துறையில் பணியாற்றியவர். 1886ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அமோய் ஸ்திரீட்டில் பதின்மூன்று மாணவர்களோடு அவர் தொடங்கியதே ஆங்கிலோ-சீனப் பள்ளி. சீன வணிகர்களின் மன்றமொன்றில் அவர் வானியல் குறித்து ஆற்றிய உரை, அவர்களோடு நெருக்கத்தை உண்டாக்கிப் பள்ளிக்கு வழிவகுத்தது என்பர். கற்பிக்க வந்தவர் முதலில் விருந்தினராகப் பேசி நம்பிக்கை பெற்றார் என்பது இதில் கவனிக்கத்தக்கது.

ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி அமைந்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு? அதற்கு ஒரு பெண் வேண்டும். அவருக்குப் பொருள் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரி நைண்ட் அம்மையார், தம் பகுதிப் பெண்களின் சார்பில் மூவாயிரம் டாலர் திரட்டித் தருவதாக உறுதிகூறினார். பனியால் உறைந்து கிடக்கும் ஊரிலிருந்து நிலநடுக்கோட்டு ஊருக்கு உதவி வந்தது என்று அக்கால மெதடிஸ்டுகள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. ஆக, ஷார்ட் ஸ்திரீட் பள்ளியின் பின்னணியைச் சற்று உற்றுநோக்குங்கள். பணம் மினசோட்டாப் பெண்களுடையது, ஆசிரியை ஆஸ்திரேலியர், துணைநின்றவர் பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர், மாணவியர் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். உலகமயமாக்கம் நம் காலத்துப் புதுமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

அம்மையார் வந்து சேர்ந்தது 1887 ஜூலை 16, சனிக்கிழமை. அன்றைய சிங்கப்பூரை ஒரு கணம் மனக்கண்ணில் கொண்டுவருவோம். இந்தியக் கைதிகளைக் கொண்டு சாலைகளும் கட்டடங்களும் அமைத்த காலம் 1873இல் முடிந்திருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடத்தினர். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழுவங்களும் சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. துறைமுகத்திலும் நகராட்சிப் பணியிலும் தமிழர் உழைத்தனர். அலுவலகங்களில் எழுத்தராகவும் இருந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். குடும்பத்தோடு வாழ்ந்த தமிழர் மிகச் சிறு தொகையினரே. அச்சிறு தொகையிலும் பள்ளிக்குப் போகும் வயதில் பெண்பிள்ளை உள்ள வீடுகள் எத்தனை இருந்திருக்கும்!

ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்க்கல்வி இங்கே புதிதன்று. 1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை நாம் நன்கறிவோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டினை மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் கொண்டாடியது நினைவிருக்கும். சிங்கப்பூரிலும் 1834இல் இலவசப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட்டது; தகுந்த ஆசிரியரும் நூல்களும் இல்லாமையால் அது நிலைக்கவில்லை. பெண்கல்விக்கும் முன்னோடிகள் இருந்தனர். 1842இல் மரியா டயர் அம்மையார் தொடங்கிய பள்ளி சீனச் சிறுமியரைக் கருதி எழுந்தது. வறுமையால் வீட்டுவேலைக்கு விற்கப்பட்ட பிள்ளைகளும் அங்கே அடைக்கலம் பெற்றனர். 1854இல் பிரெஞ்சுக் கன்னியர்கள் வந்து கான்வென்ட் பள்ளியை நிறுவினர். இவையெல்லாம் அரும்பணிகளே. ஆனால், தமிழ்ச் சிறுமியரை முன்னிறுத்தி எழுந்தவை அல்ல. ஆண்களுக்குத் தமிழ் வகுப்பு திறந்து எழுபது ஆண்டுகள் கடந்தும் பெண்களின் நிலை இதுதான்.

இந்நிலையில்தான் தமிழ் வணிகர்கள் சிலர், தம் பெண்மக்களுக்குக் கல்வி புகட்ட ஒரு பள்ளி வேண்டுமென்று மெதடிஸ்ட் பணியாளர்களிடம் கேட்டனர். இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். வழக்கமாக நாம் படிக்கும் வரலாறு எப்படி இருக்கும்? வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தார். இருளில் கிடந்த மக்களுக்குக் கல்வி விளக்கை ஏற்றினார். இங்கே நடந்தது அப்படியன்று. விளக்கு வேண்டுமென்று தமிழ்த் தந்தையர் கேட்டார்கள். ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?’ என்று உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கேட்டிருக்கக்கூடிய காலம் அது. இருந்தும் கேட்டார்கள். தம் சமயத்தைச் சேராத ஒரு நிறுவனத்திடமே கேட்டார்கள். நிறுவியவர் பெயரால் இன்று ஒரு சாலையே இருக்கின்றது. கேட்டவர்களின் துணிவுக்கு ஒரு கல்வெட்டேனும் எழுப்பலாம் என்பது என் எண்ணம்.

அழைப்பு இருந்தமையால்தான் முப்பதே நாளில் பள்ளி திறந்தது. ஆகஸ்டு 15, திங்கட்கிழமை. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் தறுவாய். புதுக் கட்டடம் எழுப்பவில்லை. கடைவீடு ஒன்றே வகுப்பறையாயிற்று. கடைவீடு என்பது சிங்கப்பூர், மலேசிய நகரங்களில் நாம் காணும் கட்டட வகை. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடி நடைபாதை. தந்தையரின் கடைகள் இருப்பதும் அப்படிப்பட்ட கட்டடத்தில்தான். குடும்பம் வாழ்வதும் அதில்தான். பிள்ளைகளுக்கு அது அச்சமூட்டும் இடமாக இருந்திராது. பெரிய மதிலும் மணிக்கூண்டும் கொண்ட ஒரு வளாகத்திற்கு அந்த ஒன்பது பேரையும் அனுப்ப அவர்களின் அன்னையர் இசைந்திருப்பார்களா என்பது ஐயமே.

அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரியாத ஆசிரியை ஒருவர் தமிழ்ப் பெண்கள் பள்ளிக்குத் தலைமை தாங்குவது இன்று நமக்கு விந்தையாகத் தோன்றலாம். வகுப்பின் முதல் நாள் வருகைப் பதிவுக்குப் பெயர் அழைப்பதையே எண்ணிப் பாருங்கள். ழகரமும் ளகரமும் ஆங்கில நாவுக்கு எளிதில் வசப்படுவனவா? ஆனால், அன்றைய சிங்கப்பூரில் எல்லா இனத்தாரையும் இணைத்த மொழி ஒன்று இருந்தது. சந்தையிலும் வீதியிலும் படகுத்துறையிலும் வழங்கிய மலாய்தான் அது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எவராயினும் ஓரளவு அதைப் பேசினர். அம்மையார் அம்மொழியைக் கற்றார். மேற்போக்காக அன்று, பின்னாளில் அம்மொழியிலேயே வழிபாடு நடத்தவும் வாசிப்பு ஏடு வெளியிடவும் தக்க அளவுக்குக் கற்றார். புதிய ஊருக்கு வந்த ஆசிரியர் செய்யவேண்டிய முதல் வேலை எது என்பதில் அவருக்குத் தடுமாற்றமே இருக்கவில்லை போலும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் பகுதிகளுக்குப் பணியாற்றச் சென்ற நம் ஆசிரியர்கள் பலர் இபான், கடசான் சொற்களைக் கற்றுக்கொண்டதைக் கூறக் கேட்டிருக்கின்றேன். பாடத்துக்கு அச்சொற்கள் தேவைப்படுவதில்லை. பிள்ளையின் பாட்டியிடம் இரண்டு சொல் பேசுவதற்குத் தேவைப்படுகின்றன.

ஷார்ட் ஸ்திரீட்டில் பள்ளி எளிதில் திறந்தது என்றேன். அடுத்த ஆண்டு தெலுக் ஆயர் வட்டாரத்தில் அம்மையார் இறங்கியபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரனாக்கான் சீனர்கள், அதாவது பாபாக்களும் நியோன்யாக்களும். மலாய் மொழி பேசி, மலாய் உடை உடுத்தி, சீனச் சமய நெறிகளைப் பேணிய செல்வக் குடியினர். அவர்தம் வீடுகளில் பெண்பிள்ளைகள் பருவம் எய்தும் காலம் நெருங்கியதும் வெளியே அனுப்பப்படுவதில்லை. சமையலும் மணிவேலையும் தையலும் கற்றுத் திருமணத்திற்குக் காத்திருப்பதே வாழ்க்கை. இங்கே பள்ளி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவந்த தந்தையர் கூட்டம் இல்லை.

அம்மையார் என்ன செய்தார்? வீடு வீடாக நடந்தார். பகல்வேளையில், ஆண்கள் தொழிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், கதவைத் தட்டித் தாய்மாரிடம் பேசினார். அவர்கள் கொடுத்த மறுமொழி வரலாற்றில் பதிவாகியிருக்கின்றது. எங்கள் பெண்கள் ‘மாக்கான் காஜி’யா செய்யப் போகிறார்கள் என்பதே அதன் சாரம். மலாய் அறிந்த நமக்கு இத்தொடரை விளக்கத் தேவையில்லை. சம்பளத்தை உண்டு வாழ்வது, கூலிக்கு வேலை செய்வது என்று பொருள். படிப்பு என்பது எழுத்தர் வேலைக்கான ஏணி. எழுத்தர் வேலை ஆண்களுக்கானது. நம் வீட்டுப் பெண் பிறரிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குவது குடும்பத்துக்கு இழுக்கு. அவர்களின் கணக்கு இதுதான்.

இம்மறுமொழியை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. கல்வியை வேலைக்கான முதலீடாக மட்டுமே பார்ப்பவர்களின் தருக்கம் இது. அதில் முரண் எதுவும் இல்லை. இன்றும் இதே தருக்கம் வேறு உருவில் நம்மிடையே உலவுகின்றது. தமிழ்ப்பள்ளியில் சேர்க்கச் சொல்லிப் பெற்றோரைச் சந்திக்கும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும், டீச்சர்?’ என்ற கேள்வி எத்தனை வாசற்படிகளில் எழுந்திருக்கும்! அன்று நியோன்யாத் தாய் வேலை வேண்டாம் என்பதற்காகப் பள்ளியை மறுத்தார். இன்றைய பெற்றோர் வேலை வேண்டும் என்பதற்காகத் தமிழ்ப்பள்ளியை மறுக்கின்றனர். இருவரையும் பாடத்திட்டத்தைக் காட்டி இணங்கவைக்க இயலாது. அவர்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, அவர்கள் தரும் நீரைப் பருகி, திரும்பத் திரும்பப் போய்ப் பேச வேண்டும்.

அம்மையார் அதைத்தான் செய்தார். 1888 ஆகஸ்டில், ஒரு நியோன்யாப் பெண்மணி தம் இல்லத்திலேயே வகுப்பு நடத்த இடமளிக்க, சில சிறுமிகளோடு இரண்டாவது பள்ளி தொடங்கியது. வெளியே அனுப்ப மாட்டார்கள் என்றால் பள்ளியே வீட்டுக்குள் வந்துவிட வேண்டியதுதானே! தெலுக் ஆயர் பெண்கள் பள்ளி என்று வழங்கிய அதுவே பின்னர் ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளி ஆயிற்று. தமிழ்த் தந்தையரின் அழைப்பால் ஒரு பள்ளியும், ஒரு சீனத் தாயின் வீட்டுக் கூடத்தால் இன்னொரு பள்ளியும் ஓராண்டு இடைவெளியில் அமைந்தன. புதிய ஆசிரியை ஊரோடு ஒன்றிய கதையின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, அந்த வாசற்படிகளில்தான் நடந்தது. என் கருத்தில், அவருடைய நாற்பது ஆண்டுப் பணியிலும் மிகக் கடினமான பகுதி இந்த முதல் பதின்மூன்று மாதங்களே.

இனி, கசப்பான ஒன்றையும் பேசித்தான் ஆகவேண்டும். பிளாக்மோர் அம்மையார் கிறித்துவ சமயத்தைப் பரப்பவே வந்தார். அவர் அதை மறைத்ததில்லை. பள்ளியில் எழுத்தும் கணக்கும் மட்டுமன்றி விவிலியக் கதைகளும் இடம்பெற்றன. தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தைக்கும் அது தெரியாமலிருக்க வழியில்லை. அப்படியாயின் ஏன் அனுப்பினார்? வேறு பள்ளி இல்லை என்பது ஒரு விடை. தம் வீட்டின் பிடிப்பின்மீது அவருக்கிருந்த நம்பிக்கை இன்னொரு விடையாக இருக்கலாம். ஆசிரியைக்கு ஒரு நோக்கம். பெற்றோருக்கு வேறொரு நோக்கம். இரு நோக்கங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை நின்றது. இதை ஒரு பக்கம் தியாக வரலாறாகவும் மறுபக்கம் மதமாற்றச் சூழ்ச்சியாகவும் எழுதுவோர் உளர். இரண்டுமே அந்தத் தந்தையரை ஏதுமறியாதவர்களாக ஆக்கிவிடுகின்றன. அவர்கள் வணிகர்கள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அறியாதவர்களா?

அந்த ஐயப்பாடு வீண்போகவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1899ஆம் ஆண்டு லிம் பூன் கெங், சோங் ஓங் சியாங் முதலிய சீனச் சமூகத் தலைவர்கள் சேர்ந்து சிங்கப்பூர் சீனப் பெண்கள் பள்ளியைத் தாமே நிறுவினர். பதினோராண்டுகளுக்கு முன் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட அதே சமூகம், இப்போது தன் பெண்களுக்குத் தன் பொறுப்பில் ஒரு பள்ளி வேண்டுமென்று முன்வந்தது. தமிழரிடையே இந்நிலை வருவதற்கு மேலும் காலம் பிடித்தது. 1930களில் இராமகிருஷ்ண மிஷன் சிங்கப்பூரில் விவேகானந்தர் பெயரில் ஆண்பிள்ளைகளுக்கும் சாரதாமணி அம்மையார் பெயரில் பெண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப்பள்ளிகளை நடத்தியது. ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது சிறுமியர் அமர்ந்ததற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1890இல் அவர் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இல்லத்தைத் தொடங்கினார். பொருளுதவி செய்த மேரி நைண்ட் அம்மையாரின் நினைவாக அது பின்னர் நைண்ட் இல்லம் எனப் பெயர்பெற்றது. தாய்தந்தையற்றோர், கைவிடப்பட்டோர், தொலைவிலிருந்து படிக்க வந்தோர் எனப் பல இனச் சிறுமியர் அங்கே ஒன்றாக வளர்ந்தனர். பகலில் ஆசிரியையாக இருந்தவர் இரவில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அருகே விழித்திருக்கும் தாயுமானார். விடுதி நடத்தியவர்களுக்கே அப்பணியின் சுமை தெரியும். நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவரை இங்கு வரவேற்று வழிகாட்டிய ஓல்டம் உடல்நலக் குறைவால் 1889ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரைவிட்டு நீங்கியிருந்தார் என்பதையும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணவேண்டும்.

மலாய் மொழியில் அவர் பெற்ற தேர்ச்சி 1894இல் வேறொரு பயனைத் தந்தது. மலாய் அறிஞரான வில்லியம் ஷெல்லபேரோடு இணைந்து, பெரனாக்கான் மக்களுக்கென மலாய் மொழி வழிபாட்டை அவர் தொடங்கினார். அக்கூட்டமே பின்னாளில் கம்போங் காப்பூர் மெதடிஸ்ட் ஆலயமாக வளர்ந்தது. ‘காப்பூர்’ என்றால் மலாயில் சுண்ணாம்பு. நம்மவர் அவ்வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்துவந்தனர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்ற பெயர் உண்டு. ஒரே சூளையின் சுண்ணாம்பு மலாய்ப் பெயர் ஒன்றையும் தமிழ்ப் பெயர் ஒன்றையும் தந்திருக்கின்றது. ஊர்ப்பெயர் ஆய்வில் நாட்டமுள்ள நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, பள்ளியின் பெயரில் இருந்த ‘தமிழ்’ எங்கே போயிற்று? யாரும் அதைப் பறித்துக்கொள்ளவில்லை. சீனப் பிள்ளைகளும் யுரேசியப் பிள்ளைகளும் ஷார்ட் ஸ்திரீட்டுக்கு வரலாயினர். வகுப்பு பெருகியது, ஆங்கிலம் பொதுமொழியாயிற்று. குடும்பத்தோடு குடியேறியிருந்த தமிழர் தொகை சிறியது என்று முன்பே கண்டோம். ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிய ஒரு பள்ளியைத் தமிழ்ப் பிள்ளைகளை மட்டுமே வைத்து நடத்த அன்றைய மக்கள்தொகை இடங்கொடுக்கவில்லை. தமிழ்ப் பெற்றோரும் ஆங்கிலத்தை விரும்பாதவர் அல்லர்; அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் துறைமுகத்திலும் ஆங்கிலத்தின் மதிப்பு என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ மெல்ல மெல்ல ‘மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி’ ஆனது.

இதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அது அம்மையார்மீதான மனக்குறையன்று. பள்ளி வேண்டும் என்று துணிந்து கேட்ட நாம், அதில் தமிழ் இருக்கவேண்டும் என்று தொடர்ந்து கேட்டோமா என்பதே என்னை உறுத்தும் வினா. பள்ளி திறக்கும் நாளில் காட்டும் ஊக்கம் இருபதாம் ஆண்டிலும் இருந்தால்தான் ஒரு மொழிக்கு அங்கே இடம் நிலைக்கும். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டபோதும் காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கைதான். மலேசியாவில் தோட்டங்கள் கலைந்து, மாணவர் குறைந்து தள்ளாடும் சிறு பள்ளிகளின் நிலையை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. பத்துக்கும் குறைவான மாணவர்களோடு ஒரு பள்ளியைத் திறப்பது 1887இல் ஒரு செய்தி. அதே எண்ணிக்கையோடு ஒரு பள்ளியைக் காப்பது இன்றைய செய்தி.

அதேவேளை, அந்த ஒன்பது சிறுமியரைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். அவர்கள் எழுதப் படிக்கக் கற்றனர். அவர்களின் தாய்மாருக்குப் பெரும்பாலும் கிட்டாத ஒன்று அது. ஊருக்குக் கடிதம் எழுதவும், வீட்டுக் கணக்கைப் பார்க்கவும், தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும் அது உதவாமலா போயிருக்கும்? பள்ளியின் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்ததா என்பதைவிட, அந்தப் பெண்களின் கையில் எழுத்து இருந்தது என்பதே முதன்மையானது என்று வாதிடுவோரும் இருப்பர். அவ்வாதத்தை நான் முற்றாக மறுக்கமாட்டேன். ஆனால், இரண்டும் ஏன் ஒருசேர இருந்திருக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை ஒரு தமிழாசிரியருக்கு உண்டல்லவா?

ஷார்ட் ஸ்திரீட்டுக் கடைவீட்டில் தொடங்கிய பள்ளி பின்னர் சோஃபியா குன்றில் பல்லாண்டுகள் இயங்கி, 1992இல் புக்கிட் தீமா பகுதியிலுள்ள இப்போதைய வளாகத்திற்கு மாறியது. சாலைக்கு நிறுவுநரின் பெயர் சூட்டப்பட்டது. ஷார்ட் ஸ்திரீட் மட்டும் பெயருக்கேற்பக் குறுகலாக, சிலிகி சாலைக்கு அருகே இன்றும் இருக்கின்றது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அத்தெருவில் ஐந்தாம் எண் கட்டடம் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையினுடையது. பள்ளியின் பெயரிலிருந்து நீங்கிய ‘தமிழ்’ தெருவிலிருந்து முழுதாக நீங்கிவிடவில்லை.

பிளாக்மோர் அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கே பணியாற்றி, 1920களின் பிற்பகுதியில் ஓய்வுபெற்று ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். அங்கேயே 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தம் எண்பத்தேழாம் அகவையில் காலமானார். சிங்கப்பூர் அப்போது ஜப்பானியரின் ஆட்சியில் ‘சியோனான்’ என்ற பெயரோடு இருந்தது. போர் முடிந்து, செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும்வரை ஆஸ்திரேலியாவிலிருந்து வழக்கமான அஞ்சல் இங்கு வந்துசேர வழியில்லை. எனவே, அவரிடம் படித்து, அப்போது பாட்டிகளாகிவிட்ட சிங்கப்பூர் மாணவியருக்குத் தம் ஆசிரியை மறைந்த செய்தி உரிய வேளையில் கிட்டியிருக்க முடியாது.